யாழ்ப்பாண நகரில் அரைநாள்: வழிகாட்டியுடன் ஒரு சுற்றுலா, மத்தியானச் சாப்பாட்டுடன்

வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போகும் எங்கள் ஆட்களிற் பலர், நகரைச் சுற்றிப் பார்ப்பதற்குக் காசு கொடுத்து வழிகாட்டி ஒருவரை அமர்த்துவதை வீண்செலவாகவே கருதுகிறார்கள். மாமா வீட்டில் கார் நிற்கும், மச்சான் ஒருவர் லீவு போட்டுவிட்டு வருவார், அவருக்குத் தெரியாத வீதியா என்பது அவர்களுடைய வாதம். மச்சானுக்கு வீதிகள் தெரியும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் எண்பது வயதைத் தாண்டிய அம்மாவையும் ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளையும் ஒரே வாகனத்தில் ஏற்றிக்கொண்டு, வெயில் ஏறுமுன் எங்கே போவது, கோயில் நடை சாத்துமுன் எங்கே நிற்பது, எங்கே மலசலகூடம் உண்டு, எங்கே இருந்து இளைப்பாறலாம் என்பதையெல்லாம் முன்கூட்டியே யோசித்து நடத்துவது வேறொரு வேலை. இந்த முறை அந்த வேலையை அதைத் தொழிலாகச் செய்பவர்களிடமே ஒப்படைத்தோம். காலையில் தொடங்கி மத்தியானச் சாப்பாட்டுடன் முடியும் அரைநாள் சுற்றுலா அது.

பதிவு செய்யும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை வழிகாட்டிகளுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குகிறது. வருபவரிடம் அது இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது, உரியவர்கள் அதைக் கேட்டதற்காக மனம் கோணுவதில்லை. கட்டணத்தை ரூபாயில் எழுதித் தரும்படியும், சாப்பாட்டில் குடிபானம் சேருமா, நுழைவுச் சீட்டுகள் சேருமா என்பதையும் எழுத்திலேயே தரும்படியும் கேளுங்கள். எங்களுக்கு முதலில் அனுப்பப்பட்ட வான் படி உயர்ந்ததாக இருந்தது. முழங்கால் வலியுள்ள அம்மாவால் அதில் ஏற முடியவில்லை. வயதானவர் வருகிறார் என்று பதிவின்போதே சொல்லியிருந்தும் அப்படி நடந்தது எனக்கு வருத்தமே. ஆயினும் அரைமணி நேரத்துக்குள் தாழ்ந்த தளமுள்ள வேறொரு குளிரூட்டிய வாகனம் வந்தது, ஏறுவதற்கு ஒரு சிறிய பலகைப் படியும் அதில் இருந்தது. வயதானவர்களுக்கு வாகனத்தின் குளிரைவிட அந்தப் படிதான் முக்கியம்.

கோட்டையை முதலில் வைத்தது வழிகாட்டியின் முடிவு. கோட்டை மதிலின் மேலே நிழலே கிடையாது. பத்து மணிக்குப் பிறகு அங்கே நிற்பது பெரியவர்களுக்கு ஆகாது. போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையை 1658-இல் கைப்பற்றிய ஒல்லாந்தர், அதை ஐங்கோண வடிவில் பெருப்பித்துக் கட்டினார்கள். 1795-இல் அது ஆங்கிலேயரிடம் போனது. மதிலிற் பதிந்திருக்கும் முருகைக்கற்களைத் தொட்டுப் பார்க்கும்படி வழிகாட்டி பிள்ளைகளிடம் சொன்னார். கடலிலிருந்து வந்த கல் என்று அறிந்ததும் மகள் மதில் நெடுகிலும் அதைத் தேடிக்கொண்டே நடந்தாள். 1706-இல் ஒல்லாந்தர் கட்டிய தேவாலயம் இன்று இடிபாடாகக் கிடக்கிறது. 1990-இல் கோட்டை முற்றுகையிடப்பட்ட காலத்தில் அது அழிந்தது என்பதை அவர் கூட்டாமலும் குறைக்காமலும் சொன்னார். அம்மா வாசற்பக்கத்து நிழலில் ஒரு கதிரையில் இருந்தார். அந்தக் கதிரை வாகனத்தின் பின்பக்கத்திலிருந்து எடுத்துவரப்பட்டது. கோட்டைக்குள் வயதானவர்கள் இருந்து ஆறுவதற்குப் போதிய இருக்கைகள் இல்லை.

அங்கிருந்து பொதுசன நூலகம் மிகவும் கிட்ட. நாங்கள் போனது வாசகர்களுக்குரிய நேரம் என்பதால் வாசிப்பறைகளுக்குள் போகாமல், முகப்பிலும் சரஸ்வதி சிலையடியிலும் நின்றுகொண்டோம். படிக்கிற பிள்ளைகளின் அமைதியைக் குலைக்கக் கூடாது என்று நூலகத்தார் கண்டிப்பாக இருப்பது சரியென்றே நினைக்கிறேன். நூலகத்தின் கதையை வழிகாட்டி முறையாகத் தொடங்கினார். 1933-இல் க. மு. செல்லப்பா எடுத்த முயற்சி, சென்னையிலிருந்து வந்த கட்டடக் கலைஞர் நரசிம்மனின் வரைபடம், 1959-இல் நடந்த திறப்புவிழா என்று சொல்லிக்கொண்டு வரும்போது, தான் வேம்படி மகளிர் பள்ளியில் படித்த காலத்தில் பள்ளிக்கூடம் விட்டதும் இங்கே வந்து இருந்ததுண்டு என்று அம்மா மெதுவாகச் சொன்னார். வழிகாட்டி தன் பேச்சை அப்படியே நிறுத்திவிட்டு, "அம்மா, இனி நீங்கள் சொல்லுங்கோ, நான் கேக்கிறன்" என்றார்.

அதன் பிறகு நடந்ததுதான் அன்றைய பயணத்தில் எனக்கு மிகவும் மதிப்பான பகுதி. எந்தப் பக்கத்தில் பெண் பிள்ளைகள் இருப்பார்கள், புத்தகம் இரவல் எடுப்பதற்கு யாருடைய கையெழுத்து வேண்டும், வீட்டுக்கு எந்த பஸ்ஸில் போவீர்கள் என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, இத்தனை வருடங்களாக வீட்டில் அம்மா சொல்லாத செய்திகள் வெளியே வந்தன. 1981-ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவில் தொடங்கிய எரிப்பில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின என்பதைப் பிள்ளைகள் முன்பே அறிவார்கள். தங்கள் அப்பம்மா கையிற் பிடித்து வாசித்த புத்தகங்களும் அவற்றுள் இருந்தன என்பதை அன்றுதான் அறிந்தார்கள். உறவினர் ஒருவர் கூட்டிக்கொண்டு போயிருந்தால் இந்தக் கேள்விகளை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், ஏனென்றால் எங்களுக்குள் எல்லோரும் எல்லாம் தெரிந்தவர்களாகவே இருக்கிறோம். வெளியாள் ஒருவர், அதுவும் கேட்கத் தெரிந்த ஒருவர், பக்கத்தில் நிற்பதன் பயன் அங்கேதான் இருந்தது.

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலைப் பற்றி எங்கள் ஆட்களுக்கு விரித்துச் சொல்லத் தேவையில்லை. பயண ஒழுங்கை மட்டும் சொல்கிறேன். பூசைகள் மணி தவறாமல் நடக்கும் கோயில் ஆகையால் மத்தியானப் பூசைக்கு முன்னரே போய்ச் சேரும்படி வழிகாட்டி நேரத்தை அமைத்திருந்தார். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றியே உள்ளே போக வேண்டும் என்பதையும், உள்ளே படம் எடுக்கக் கூடாது என்பதையும் அவர் வாகனத்திலேயே மகனுக்குச் சொல்லிவிட்டதால் வாசலில் தயக்கம் எதுவும் ஏற்படவில்லை. பழைய நல்லூர்க் கோயிலைப் போர்த்துக்கேயர் 17-ஆம் நூற்றாண்டில் இடித்தார்கள் என்பதையும், இப்போதுள்ள கோயில் 18-ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் ஆட்சியின்போது எழுந்தது என்பதையும் அவர் வெளிவீதியிலேயே சொல்லி முடித்துவிட்டு, உள்ளே நாங்கள் கும்பிட்டுக்கொண்டிருந்த நேரம் முழுவதும் ஒரு சொல்கூடப் பேசவில்லை. நாங்கள் போனபோது அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய்தான்.

சங்கிலித்தோப்பு வளைவு, மந்திரிமனை, பகர வடிவில் அமைந்த யமுனா ஏரி ஆகிய மூன்றும் அடுத்தடுத்து இருக்கின்றன. வெயில் உச்சிக்கு வந்துவிட்டதால் அம்மா வாகனத்தில் இருக்க, நாங்கள் மட்டும் இறங்கி விரைவாகப் பார்த்தோம். மந்திரிமனையின் நிலை மனத்தை வருத்துகிறது. யாழ்ப்பாண அரசின் தலைநகராக இருந்த இடத்தில் எஞ்சியிருக்கும் சின்னங்களுக்கு இதைவிடக் கூடுதலான பராமரிப்பு வேண்டும், வெளிநாட்டில் இருக்கும் நாங்களும் அதற்குக் கைகொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சாப்பாடு, நடுவில் முற்றமுள்ள பழைய நாற்சார் வீடொன்றை உணவகமாக்கிய இடத்தில் ஒழுங்கு செய்யப்பட்டிருந்தது. அன்று வெள்ளிக்கிழமை ஆதலால் அம்மாவுக்கு மரக்கறிச் சாப்பாடு வேண்டும் என்று முதல்நாளே சொல்லியிருந்தோம். அதற்கெனத் தனிச் சட்டிகளில் சமைத்ததோடு, கரண்டிகளையும் தனியே வைத்திருந்தார்கள். குத்தரிசிச் சோறு, முருங்கைக்காய்க் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, கீரைக் கடையல், வல்லாரைச் சம்பல், பொரித்த மோர்மிளகாய், அப்பளம், கடைசியில் சொதி என்று அவருடைய வாழையிலை நிறைந்துவிட்டது. எங்கள் இலைகளில் நண்டுக் குழம்பும் கணவாய்ப் பிரட்டலும் சேர்ந்தன. வெளிநாட்டவர் என்று நினைத்து உறைப்பைக் குறைத்துவிடுவார்களோ என்ற என் ஐயம் முதற் கவளத்திலேயே தீர்ந்தது. பிள்ளைகளுக்கு மட்டும் தேங்காய்ப்பால் கூடிய கறிகளாகப் பார்த்து வைத்தார்கள். ரொறன்ரோவில் கிடைக்கும் நண்டில் எங்கள் கடல் நண்டின் இனிப்பு இல்லை என்று நான் பல காலமாகச் சொல்லிவருகிறேன். மகன் அன்று அதை ஒத்துக்கொண்டான். நாங்கள் சாப்பிட்டு முடியும்வரை யாரும் அவசரப்படுத்தவில்லை. சாரதிக்கும் வழிகாட்டிக்கும் அதே சாப்பாடு அதே நேரத்தில் பரிமாறப்பட்டதைக் கண்டு என் மனம் நிறைந்தது. எல்லா இடங்களிலும் அப்படி நடப்பதில்லை.

கடைக்குக் கூட்டிப்போய் வாங்கச் சொல்லி நெருக்கும் வழக்கம் இந்தப் பயணத்தில் இருக்கவில்லை. பனங்கட்டியும் புழுக்கொடியலும் வேண்டும் என்று நாங்களாகவே கேட்டபோதுதான் சந்தையடியில் நிறுத்தினார்கள்.

ஆடி, ஆவணியில் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைத்திருக்க வேண்டும். நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கும். அந்த நாட்களில் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள். நடக்க இயலாதவர்களுடன் போவதாயின் கோயிலை இந்த அரைநாளுக்குள் அடக்காமல், விடியற்காலையில் தனியாகப் போய் வருவதே நல்லது. சுற்றுலாவை ஒழுங்கு செய்பவரிடம் எந்த இடத்தில் இறக்கிவிடுவார்கள், அங்கிருந்து எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று கேட்டு அறிந்த பிறகே முற்பணம் கட்டுங்கள். வழிகாட்டிக்கும் சாரதிக்கும் கொடுக்கும் அன்பளிப்பு கட்டணத்தில் சேர்வதில்லை; அதை இருவருக்கும் தனித்தனியாக, அவரவர் கையிலேயே கொடுங்கள்.