ஸ்கேர்ட் வினாப்படிவம்: பிள்ளைகளின் பதற்றத்தை எவ்வளவு சரியாகப் பிடிக்கிறது?

பள்ளி நாளில் மட்டும் வயிற்றுவலி, ஞாயிற்றுக்கிழமை ஒன்றுமே இல்லை, ஸ்கேனும் நார்மல். இப்படிப்பட்ட பிள்ளைக்கு முதலில் கொடுத்துப் பார்க்க வேண்டியது, பதற்றத்தைக் கண்டறிய உதவும் ஸ்கேர்ட் (SCARED) என்ற வினாப்படிவம். போரிஸ் பிர்மாஹர் குழுவினர் உருவாக்கி 1997இல் வெளியிட்டது, இலவசம். 8 முதல் 18 வயதினருக்கு 41 வாக்கியங்கள். கடந்த 3 மாதங்களை நினைத்து 0 (இல்லை), 1 (சில நேரம்), 2 (அடிக்கடி) என்று குறிக்க வேண்டும். பத்து நிமிட வேலை. 12 வயதுக்குக் கீழ் என்றால் பெரியவர் பக்கத்தில் இருந்து விளக்க வேண்டும்.

கூட்டுத்தொகை 25ஐத் தொட்டால் பதற்றக் கோளாறு இருக்கலாம் என்று பொருள். ஆனால் இதன் உண்மையான பலம் பள்ளித் தவிர்ப்புப் பகுதி. பள்ளியில் தலைவலி, பள்ளியில் வயிற்றுவலி, போவதை நினைத்துக் கவலை, போகவே பயம் என நான்கே வாக்கியங்கள். இதில் 3 வந்தாலே கவனிக்க வேண்டும். பயத்தைச் சொல்லத் தெரியாத பிள்ளையும் வயிறு வலிக்கிறது என்று சொல்லிவிடும். மொத்தம் 18தான் என்று விட்டுவிட்டால் அந்தப் பிள்ளை தப்பிப் போகும்.

பெற்றோருக்குத் தனிப்படிவம் உண்டு. அம்மா எட்டிப் பார்க்க, பிள்ளை நிரப்பினால் பயனில்லை, தனித்தனியே கொடுங்கள். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுக்கவே கூடாது. பிள்ளை 2 போட்டு, பெற்றோர் 0 போட்ட இடங்கள்தான் பேச்சைத் தொடங்க வேண்டிய இடங்கள்.

குறைகளும் உண்டு. தனியாகத் தூங்கக் கவலையா என்றொரு வாக்கியம், பெற்றோரைப் பிரியும் பயத்தைக் கேட்கும் பகுதியில் வருகிறது. எல்லோரும் ஒரே அறையில் பாய் விரித்துப் படுக்கும் வீட்டில் அதற்கு என்ன பதில் சொல்வது? அந்தப் பகுதியில் வெறும் 5 வந்தாலே கவனிக்க வேண்டும் என்பதால், அங்கே ஒரு மதிப்பெண்கூடப் பெரிது. படபடப்பு, நடுக்கம் கேட்கும் 13 வாக்கியங்களின் மதிப்பெண்ணை தைராய்டு, ரத்தசோகை, ஆஸ்துமாவுக்கான சால்புட்டமால் இன்ஹேலர் எல்லாமே ஏற்றிவிடும். முதலில் அவற்றை விசாரியுங்கள்.

எத்தனை நாள் பள்ளி போகவில்லை, தூக்கம் எப்படி என்பதை இந்தப் படிவம் அளப்பதில்லை. மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் இதில் கிடையாது. அவற்றை நேராகக் கேட்டுவிட வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றால் மதிப்பெண்ணைக் கூட்டிக்கொண்டிருக்காமல் அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இந்தியாவில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.