இடுப்பெலும்பு முறியும் ஆபத்து: எந்தக் கணக்கை நம்பலாம்?

1960களோடு ஒப்பிட்டால், 1990களில் சிங்கப்பூர்ப் பெண்களிடம் இடுப்பெலும்பு முறிவு விகிதம் ஏறக்குறைய ஐந்து மடங்காகிவிட்டது. ஆண்களிடம் ஒன்றரை மடங்கு. 1991 முதல் 1998 வரையான கணக்கில் சீனப் பெண்கள்தான் முதலிடம். ஆனால் இந்தியப் பெண்கள் அவர்களுக்கு ரொம்பத் தூரத்தில் இல்லை, மலாய்ப் பெண்களைவிட மேலேயே இருந்தார்கள். "எலும்புத் தேய்மானம் ஒல்லியான சீனப் பாட்டிகளுக்கு வருவது" என்று நம் வீடுகளில் நினைத்துக்கொண்டிருப்பது சரியில்லை. யாருக்கு முறியும் என்று முன்கூட்டியே சொல்லும் கருவிகள் பல இருக்கின்றன. அவற்றை நம் அம்மா, அத்தை மாதிரியான ஒருவரை மனதில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

முதலில் ஓஸ்டா. ஆசியப் பெண்களுக்காகவே 2001இல் வந்தது, அதை உருவாக்கியதில் சிங்கப்பூர் மருத்துவர்களுக்கும் பங்கு உண்டு. மாதவிடாய் நின்ற பெண்களுக்கானது. வயதிலிருந்து கிலோ எடையைக் கழிக்க வேண்டும், அவ்வளவுதான். விடை 20க்கு மேல் போனால் ஆபத்து அதிகம், எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுப்பது நல்லது. 0 முதல் 20 வரை நடுத்தரம். பூஜ்யத்துக்குக் கீழே என்றால் குறைவு.

72 வயது, 46 கிலோ எடை உள்ள ஒருவருக்கு 26 வருகிறது. உடனே ஸ்கேன். அதே 72 வயதில் 75 கிலோ உள்ளவருக்கு மைனஸ் 3. ஆபத்து குறைவாம். ஆனால் இந்த இரண்டாமவருக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை நோய், இன்சுலின் போடுகிறார், போன வருடம் இரண்டு முறை விழுந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓஸ்டாவுக்கு இதெல்லாம் தெரியாது. அதைக் குறை சொல்லவும் முடியாது. எலும்பு அடர்த்தி யாருக்குக் குறைந்திருக்கும் என்று கண்டுபிடிக்கத்தான் அது பிறந்தது, யாருக்கு எலும்பு முறியும் என்று சொல்ல அல்ல.

டெக்ஸா எனப்படும் அந்த எலும்பு அடர்த்தி ஸ்கேனை மட்டும் வைத்து முடிவெடுப்பதும் போதாது. அதில் வரும் டி-ஸ்கோர், நம் எலும்பு அடர்த்தி ஆரோக்கியமான இளம் வயதினரின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று காட்டும் எண். அது மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் ஆஸ்டியோபோரோசிஸ் (எலும்புத் தேய்மானம்) என்பது உலகச் சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த அளவுகோல். அந்தக் கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்குத்தான் மொத்தத்தில் அதிக முறிவுகள் ஏற்படுகின்றன, ஏனென்றால் அவர்கள் எண்ணிக்கை அதிகம். அதோடு, ஒரே டி-ஸ்கோர் 55 வயதிலும் 80 வயதிலும் ஒரே ஆபத்தைக் குறிப்பதில்லை.

இந்தக் குறையைத் தீர்க்க 2008இல் வந்ததுதான் ஃபிராக்ஸ். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உருவானது. 40 முதல் 90 வயது வரை உள்ளவர்களுக்கு அடுத்த பத்தாண்டுகளில் இடுப்பெலும்பு முறிவதற்கான வாய்ப்பைச் சதவீதமாகத் தரும். சிங்கப்பூருக்கென்று சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று மூன்று தனித்தனி மாதிரிகள் இருக்கின்றன. ஆகவே ஒரே விவரங்களைக் கொடுத்தாலும் எந்த இனத்தைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதற்கேற்ப விடை மாறும். கலப்புத் திருமணக் குடும்பங்கள் பெருகிவரும் ஊரில் இது எனக்குக் கொஞ்சம் உறுத்தலாகவே இருக்கிறது.

ஃபிராக்ஸ் கேட்பவை: வயது, பாலினம், எடை, உயரம், முன்பு ஏற்பட்ட முறிவு, பெற்றோருக்கு இடுப்பெலும்பு முறிந்ததா, புகை, மது, ஸ்டீராய்டு மருந்து, முடக்குவாதம், எலும்பைப் பாதிக்கும் வேறு நோய்கள். தொடையெலும்புக் கழுத்தின், அதாவது இடுப்போடு சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே உள்ள பகுதியின், அடர்த்தி தெரிந்தால் அதையும் சேர்க்கலாம். வேறு காரணத்தால் இறந்துபோகும் வாய்ப்பையும் கணக்கில் எடுப்பது இதன் பெரிய பலம்.

பலவீனம் என்னவென்றால், நோய், முறிவு, பழக்கம் பற்றியவை எல்லாமே ஆம், இல்லை கேள்விகள். முப்பது வருடத்துக்கு முன் முறிந்ததும் போன மாதம் முறிந்ததும் ஒன்றுதான். ஒரு முறிவும் மூன்று முறிவும் ஒன்றுதான். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கு இடமே இல்லை. இந்த நோயில் எலும்பு அடர்த்தி நன்றாகவே தெரியும், சில சமயம் கூடுதலாகக்கூட இருக்கும், ஆனாலும் முறிவு ஆபத்து அதிகம். சிங்கப்பூரில் இந்தியர்களிடம் சர்க்கரை நோய் மற்றவர்களைவிட அதிகம் என்பதால் இந்த ஓட்டை நம்மைத்தான் முதலில் பாதிக்கிறது. மருத்துவர்கள் சிலர் முடக்குவாதக் கட்டத்தில் 'ஆம்' போட்டு ஈடுகட்டுவதுண்டு. புதிதாக வந்த ஃபிராக்ஸ் பிளஸ்ஸில் சர்க்கரை நோய் எத்தனை வருடமாக இருக்கிறது, எத்தனை முறை விழுந்தார் என்பதற்கெல்லாம் திருத்தம் உண்டு.

விழுவதைப் பற்றி ஆரம்பத்திலேயே கேட்டது ஆஸ்திரேலியாவின் கார்வன் கணக்கி. டப்போ நகர மக்களை 1989 முதல் தொடர்ந்து கவனித்த ஆய்விலிருந்து வந்தது. கடந்த 12 மாதங்களில் எத்தனை முறை விழுந்தீர்கள், 50 வயதுக்குப் பிறகு எத்தனை முறிவுகள் என்று எண்ணிக்கையாகவே கேட்கும். இடுப்பெலும்பு பெரும்பாலும் பக்கவாட்டில் விழுந்துதான் முறிகிறது என்பதால் இது மிகச் சரியான கேள்வி. ஆனால் அந்த நகரத்தில் பெரும்பாலும் வெள்ளையர்கள். இறப்பு வாய்ப்பையும் கழிப்பதில்லை, அதனால் மிக முதியவர்களுக்கு விடை ஏறித் தெரியலாம். பிரிட்டனின் கியூஃபிராக்சர் 2009இல் வந்தது. சர்க்கரை நோய், விழுதல், இந்தியர் என்ற இனப்பிரிவு எல்லாம் அதில் உண்டு. எலும்பு அடர்த்திக்கு மட்டும் இடமில்லை, சதவீதமும் பிரிட்டிஷ் மக்களுக்கே பொருந்தும்.

என் தேர்வு ஃபிராக்ஸ்தான், அதுவும் டெக்ஸா அளவோடு. நம் இனத்துக்கென்று உள்ளூர் மாதிரி இருப்பது அதில் மட்டும்தான். ஓஸ்டாவில் தப்பிவிட்டார் என்பதற்காக, சர்க்கரை நோயும் விழுந்த வரலாறும் உள்ளவரை ஸ்கேன் வேண்டாம் என்று அனுப்பிவிடக் கூடாது. ஃபிராக்ஸ் விடை வந்த பிறகும் இந்த இரண்டையும் மருத்துவரிடம் தனியாகச் சொல்லி, ஆபத்தை ஒரு படி மேலே வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். நின்ற உயரத்திலிருந்து விழுந்து இடுப்போ முதுகெலும்போ ஏற்கெனவே முறிந்தவருக்கு எந்தக் கணக்கும் தேவையில்லை, சிகிச்சைதான் தேவை.

சிக்கல் என்னவென்றால், விழுந்ததைப் பெரியவர்கள் சொல்வதில்லை. பலதுறை மருந்தகத்தில் டாக்டர் கேட்டால் "இல்லையே, நல்லாத்தான் இருக்கேன்" என்று பதில் வரும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுக் கழிவறை வாசலில் இருக்கும் அந்தச் சின்னத் திட்டில் கால் தடுக்கியது, அலமாரியைப் பிடித்துச் சமாளித்தது, முழங்கையில் சிராய்ப்பு, எல்லாம் "சும்மா வழுக்கிச்சு" ஆகிவிடும். அதனால் கூடப் போகிற மகளோ மருமகளோ முந்தைய 12 மாதங்களில் நடந்ததை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்: எந்த மாதம், வீட்டில் எங்கே, அப்போது சர்க்கரை இறங்கியிருந்ததா, தூக்க மாத்திரை போட்டிருந்தாரா, உயரம் முன்பைவிடக் குறைந்திருக்கிறதா. கழிவறையில் கைப்பிடிக் கம்பிகளும் வழுக்காத தரையும் வேண்டுமென்றால் வீவகவின் ஈஸ் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். சிங்கப்பூர்க் குடிமக்களின் வீடுகளுக்குச் செலவில் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்றுக்கொள்கிறது. ஸ்கேன் தேதி வரும்வரை இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.