அனிமேஷன் கற்க முதலில் எந்தப் புத்தகம்?

அனிமேஷன் கற்க நினைப்பவர்கள் இந்த இரண்டுக்கு நடுவில்தான் தடுமாறுகிறார்கள்: ரிச்சர்ட் வில்லியம்ஸின் 'தி அனிமேட்டர்ஸ் சர்வைவல் கிட்' (2001), ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் எழுதிய 'தி இல்யூஷன் ஆஃப் லைஃப்' (1981). இரண்டும் ஆங்கிலம்தான்.

பாடம்
வில்லியம்ஸ்: கைக்குப் பயிற்சி. நடைக்கே பக்கம் பக்கமாக ஒதுக்குகிறார். நொடிக்கு 24 பிரேம் (தனித்தனிப் படம்) என்றால், ஓர் அடி எடுத்து வைக்க 12 பிரேம் வைத்தால் இயல்பான நடை. 16 வைத்தால் உலாவல். 8 வைத்தால் மெதுவான ஓட்டம் அல்லது கார்ட்டூன் நடை. படித்த கையோடு வரைந்து பார்த்துவிடலாம்.
தாமஸ், ஜான்ஸ்டன்: கண்ணுக்குப் பயிற்சி. புகழ்பெற்ற 12 அடிப்படை விதிகள் இதில்தான் இருக்கின்றன. ஒரு பாத்திரம் யோசிப்பதுபோல ஏன் தோன்றுகிறது என்பதை, டிஸ்னியில் வேலை பார்த்த இருவரும் அனுபவத்திலிருந்து சொல்கிறார்கள்.

எளிமை
வில்லியம்ஸ்: படம் அதிகம், எழுத்து குறைவு. ஆங்கிலம் சுமாராக இருந்தாலும் சமாளிக்கலாம்.
தாமஸ், ஜான்ஸ்டன்: நிறைய வாசிக்க வேண்டும். ஸ்டுடியோ வரலாறும் நடுவில் வரும் (எனக்குப் பிடித்ததே அதுதான்).

விலை
இரண்டுமே மலிவில்லை. டிஸ்னி புத்தகம் பெரியது, கனமானது. பையில் போட்டுக்கொண்டு அலைய முடியாது. நூலகத்தில் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

கணினியில் 3டி செய்பவருக்கும் இரண்டும் உதவும். ஆனால் மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று இரண்டிலுமே இருக்காது.

சரி, எதை வாங்குவது? பந்து துள்ளுவதைக்கூட இன்னும் வரைந்து பார்க்காதவர் வில்லியம்ஸை வாங்கட்டும். அசைவு சரியாக வருகிறது, பாத்திரத்தில்தான் உயிர் இல்லை என்பவருக்கு டிஸ்னி புத்தகம். வரையும் எண்ணமே இல்லாத ரசிகருக்கும் அதுவே.