கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தீவன மில்: எட்டு மாதம் வாங்கிப் போட்ட அனுபவம்

என்னிடம் ஆறு மாடுகள், அதில் நான்கு கறவையில். எட்டு மாதமாகத் தீவனம் முழுக்க இந்த மில்லில்தான், பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் இருந்து வேலந்தாவளம் போகிற ரோட்டில் இருப்பது. அதற்கு முன்னால் எந்தக் கடையில் விலை குறைவோ அந்த மூட்டை என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். மாட்டின் பெருவயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் புதுத் தீவனத்துக்குப் பழகவே பத்து, பதினைந்து நாள் ஆகும், அது பழகி முடிக்கிற நேரத்தில் நான் அடுத்த மூட்டையைப் பிரித்திருப்பேன். சாணி இளகுவதும் பால் ஏறி இறங்குவதும் வெயிலால் என்றே நினைத்திருந்தேன்.

முதல் நாள் போனதும் எத்தனை மூட்டை என்று யாரும் கேட்கவில்லை. "எத்தன லிட்டருங்க கறக்குது, எத்தனாவது ஈத்து, பசும்புல் என்ன போடறீங்க?" என்று அங்கே உட்கார்ந்திருந்த அக்கா கேட்டார். சராசரியா பத்து லிட்டருங்க என்றேன். "சராசரி மாடுன்னு ஒண்ணு கட்டுத்தறில நிக்கிறதில்லீங்ணா, ஒவ்வொண்ணாச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். பதினான்கு லிட்டர் கறக்கிற மாட்டுக்கும் ஐந்து லிட்டர் கறக்கிற மாட்டுக்கும் ஒரே நாலரை கிலோதான் போட்டுக்கொண்டிருந்தேன், அதைச் சொல்லும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது.

உடம்பைக் காப்பாற்ற ஒன்றரை கிலோ, அதற்கு மேல் கறக்கிற ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கும் ஒரு கிலோ அடர்தீவனம் (புண்ணாக்கு, தவிடு, தானியம் கலந்த தீவனம்), இதுதான் அவர்கள் கணக்கு. கால்நடை மருத்துவர்களும் பொதுவாக இதைத்தான் சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் பெரிய கறவைக்கு ஏழு கிலோ, சின்னதுக்கு மூன்றரை. மொத்தச் செலவு கொஞ்சம்தான் கூடியது, ஆனால் பெரியது மூன்றாவது வாரத்தில் ஒன்றரை லிட்டர் ஏறியது, எலும்பு தெரியக் கிடந்த முதுகிலும் சதை மூடியது. மற்ற மூன்றிலும் பால் பெரிதாக ஏறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, தீவனத்துக்கு வருவோம். குச்சித் தீவனம்தான், மாவாக இல்லை. உள்ளே என்ன போகிறது என்று நின்று பார்க்க விடுகிறார்கள்: மக்காச்சோளம், எண்ணெய் எடுத்த அரிசித் தவிடு, கோதுமைத் தவிடு, கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, காங்கேயம் பக்கம் இருந்து வரும் தேங்காய்ப் புண்ணாக்கு, உளுந்துப் பொட்டு, கொஞ்சம் வெல்லப்பாகு, தாது உப்பு. நீராவியில் சூடாக்கி அச்சில் தள்ளுவதால் மாடு தவிட்டை ஒதுக்கிவிட்டுப் புண்ணாக்கை மட்டும் நக்க முடியாது, காற்றிலும் பறக்காது. நம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் மாவுத் தீவனம் போட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஒரே விஷயம், பழைய பழக்கத்தில் இதைத் தண்ணீரில் கரைத்துத் தாழியில் ஊற்றாதீர்கள். அப்படியே போட்டால்தான் மாடு மென்று தின்னும், உமிழ்நீர் நன்றாகச் சுரக்கும், பெருவயிறு புளிக்காது.

பத்து லிட்டருக்கு மேல் கறக்கிற மாட்டுக்குத் தனிக் கலவை வைத்திருக்கிறார்கள். அதில் பைபாஸ் புரதம், அதாவது பெருவயிற்றில் சிதையாமல் தப்பும்படி பதப்படுத்திய புண்ணாக்கு, சேர்க்கிறார்கள். சாதாரணப் புண்ணாக்கில் இருக்கும் புரதத்தில் பெரும்பகுதி பெருவயிற்றிலேயே சிதைந்து அமோனியா ஆகிவிடும். பதப்படுத்திய புண்ணாக்கில் ஒரு பங்கு தப்பித்துச் சிறுகுடலுக்குப் போய்ச் செரிக்கும், அதிகம் கறக்கிற மாட்டுக்கு அது நேராகப் பாலில் தெரியும். ஐந்து லிட்டர் மாட்டுக்கும் அதுவே கொடுங்கள் என்று நான் கேட்டபோது "வீண் செலவுங்ணா" என்று மறுத்துவிட்டார் அக்கா. விலை கூடின மூட்டையை வேண்டாம் என்று சொல்கிற கடையை நான் இதுவரை பார்த்ததில்லை.

இப்போது மனக்குறை. ஆனி மாதச் சாரலில் எடுத்த மூட்டைகளில் இரண்டு அடிப்பக்கம் கட்டி தட்டி, பூஞ்சை வாடை அடித்தது. கொஞ்சம்தானே என்று தட்டி உதிர்த்துப் போடுகிறவர்கள் நிறைய பேர் உண்டு, தயவுசெய்து செய்யாதீர்கள். கடலைப் புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் வரும் பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் செத்தபோது, பிரேசிலில் இருந்து வந்த கடலைப் புண்ணாக்கைச் சோதித்துத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். பெரிய மாடு பெரும்பாலும் சாகாது, ஆனால் நஞ்சின் ஒரு பகுதி எம்1 என்ற வடிவத்தில் பாலில் இறங்கும், காய்ச்சினாலும் போகாது. ஒரு கிலோ பாலில் அரை மைக்ரோகிராம்தான் நம் நாட்டில் அனுமதி. அந்தப் பாலைத்தான் நம் பேரப்பிள்ளைகள் குடிக்கிறார்கள்.

மூட்டைகளைத் திருப்பிக் கொண்டுபோனேன். வாக்குவாதம் இல்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள், அதே நாள் அரைத்த மற்ற மூட்டைகளையும் கீழே இறக்கி அவிழ்த்துப் பார்த்தார்கள். ஆனால் தவறு அவர்களுடையதுதான், மூட்டையைத் தரையிலேயே அடுக்கியிருந்தார்கள். அடுத்த முறை போனபோது மரச்சட்டம் போட்டிருந்தது. சுவரை ஒட்டி அடுக்குவதை மட்டும் இன்னும் விடவில்லை, மழைக்காலத்தில் சுவரோர மூட்டையை வாங்காதீர்கள்.

கன்றுத் தீவனம் எனக்குப் பிடிக்கவில்லை. குச்சி தடிமனாக இருக்கிறது, இரண்டு மாதக் கன்று மெல்லத் திணறுகிறது. கன்றுக்கு இப்போதும் மில்மா (கேரளப் பால் கூட்டுறவு) சொசைட்டியில் கிடைப்பதைத்தான் வாங்குகிறேன். தாது உப்பு தீவனத்திலேயே இருக்கிறது என்றாலும் ஈன்று இரண்டு மாதம் வரை நாளுக்கு 50 கிராம் தனியாகப் போடுகிறேன், துணியையும் செருப்பையும் கடிக்கிற பழக்கம் என் கிடாரிக்கு அப்படித்தான் நின்றது.

விலை மற்ற கடைகளை விட 50 கிலோ மூட்டைக்கு 80 ரூபாய் கூட. மக்காச்சோளம் எத்தனாலுக்கும் பல்லடம் கோழிப் பண்ணைகளுக்கும் போகிற காலத்தில் இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடன் கிடையாது, பால் பணம் வாரம் ஒருமுறை கைக்கு வருகிறவர்களுக்கு இது கஷ்டம்தான். செவ்வாயும் வெள்ளியும் புதிதாக அரைக்கிறார்கள். மதியத்துக்கு மேல் போனால் குச்சி ஆறியிருக்கும், மூட்டை வாயைப் பிரித்துக் கையை ஆழமாக விட்டுப் பாருங்கள், சூடு இருந்தால் அடுத்த நாள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.