உச்சிப்புளிப் பட்டறையும் அப்பாவின் அம்பாசிடரும்

தேவிபட்டினத்தில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் ஒன்பது ஆண்டுகள் ஓடாமல் நின்ற 1984ஆம் ஆண்டு அம்பாசிடர் மார்க் 4 காரை, உச்சிப்புளியைத் தாண்டிச் சாலையோரத்தில் பெயர்ப்பலகைகூட இல்லாமல் நடக்கும் ஒரு பட்டறையில் சீர்செய்து வாங்கினேன். அப்பா முண்டு மிளகாய் வத்தல் வியாபாரி. அவர் மறைந்த பிறகு வண்டியை எடைக்குப் போட்டுவிடச் சொன்னவர்களே அதிகம். அப்படிச் சொன்னவர்களின் பேச்சைக் கேட்க மனம் வராமல், யாரிடம் கொடுப்பது என்று தயங்கி நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வண்டியைப் பார்க்க வந்த மேஸ்திரி பானட்டைத் திறக்கவே இல்லை. கையளவு சுத்தியலால் கதவுகளுக்குக் கீழே ஓடும் தகட்டைத் தட்டிக்கொண்டே போனார். நல்ல தகடு கணீரென்றது. பள்ளத்தை நிரப்பப் பூசிய பழைய பட்டிக்குள் (putty) துரு ஒளிந்திருந்த இடம் பொத்தென்றது. அங்கே காந்தத்தை வைத்தபோது ஒட்டாமல் கீழே விழுந்தது. அம்பாசிடருக்கு லாரியைப் போலத் தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, உடற்கூடுதான் பாரத்தைத் தாங்குகிறது. ஆகையால் உப்புக்காற்று அந்தத் தகட்டுப் பெட்டியை உள்ளிருந்து அரித்துவிட்டால், மேலே எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் பயனில்லை. இவர்கள் வண்டியை ஜாக்கிகளில் மட்டமாக நிறுத்தி, கூடு தொய்ந்துவிடாமல் கதவு இடைவெளியை ஒவ்வொரு முறையும் அளந்து பார்த்து, அரித்த பகுதியை வெட்டியெடுத்து, 18 கேஜ் தகடு வைத்து வெல்டிங் செய்தார்கள். கதவின் அடியில் அடைபட்டிருந்த, தண்ணீர் வடிவதற்கான துளைகளைச் சைக்கிள் கம்பியால் குத்தித் திறந்ததையும் பார்த்தேன். வேலையின் தரத்தை எனக்குக் காட்டியது அந்தக் கம்பிதான்.

எஞ்சின் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1489 சி.சி. எஞ்சினை இறக்கி ரீபோர் செய்ததோடு (தேய்ந்த சிலிண்டர்களைக் கடைந்து சீராக்குவது), வால்வுகள் வந்து அமரும் சீட்டுகளையும் கடினமான வளையம் வைத்து மாற்றினார்கள். அந்தக் காலப் பெட்ரோலில் இருந்த ஈயம் அவற்றைத் தேயாமல் காத்தது; 2000 முதல் நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல்தான். 20 விழுக்காடு எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பரை இளக்கிவிடும் என்பதால் பெட்ரோல் குழாய்களையும் புதிதாகப் போட்டார்கள். கிடைக்காத உதிரிகள் சென்னைப் புதுப்பேட்டையிலிருந்து வந்தன.

ஆனால் இந்தப் பட்டறையை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் வேறு. வேலை தொடங்கும் முன் மேஸ்திரி, "தம்பி, எதைத் தொடக் கூடாதுன்னு முதல்ல சொல்லிருங்க" என்றார். டேஷ்போர்டுப் பெட்டி மூடியின் உட்புறத்தில் அப்பா பால்பாயின்ட் பேனாவால் எழுதிய மூட்டைக் கணக்கைக் காட்டினேன். பெயின்ட் அடிக்கும் நாளில் மூடியைத் தனியே கழற்றி, துணியில் சுற்றி, தம் மேசைக்குள் வைத்துப் பூட்டினார். பின் சீட்டைத் தூக்கியபோது ஒரு கைப்பிடி மிளகாய் விதை கொட்டியதாம்; வேலைப் பையன் சாயங்காலம் வரை தும்மிக்கொண்டிருந்தான்.

குறைகளும் உண்டு, அவை சிறியவையும் அல்ல. நான்கு மாதம் என்று சொன்ன வேலை பதினொரு மாதம் இழுத்தது. 2,10,000 ரூபாய் என்று தொடங்கிய கணக்கு 2,62,000 ரூபாயில் முடிந்தது. கூடிய தொகைக்கு ரசீது கேட்ட பிறகுதான் கொடுத்தார்கள். அந்தப் பணத்துக்கு ஓடும் நிலையிலுள்ள வேறோர் அம்பாசிடரே வாங்கியிருக்கலாம் என்று மைத்துனர் கணக்குப் போட்டுக் காட்டினார், அதுவும் சரிதான். வெளியூருக்கு அனுப்பிக் குரோம் பூசி வந்த பம்பர், பாம்பன் பாலத்தை நாலைந்து முறை கடந்ததற்குள் ஊசிமுனைப் புள்ளிகளாகத் துருப்பிடித்தது. பூச்சு மெல்லியது என்பதை மேஸ்திரியே ஒப்புக்கொண்டார், பணம் மட்டும் திரும்பவில்லை. கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் குரோம் வேலையை மட்டும் வேறிடத்தில், பூச்சின் கனத்தைக் கேட்டறிந்து கொடுப்பது நல்லது.

சென்ற கார்த்திகை மழையில் முன்கண்ணாடி ரப்பர் வழியாகத் தண்ணீர் கசிந்து அம்மாவின் கால்மாட்டில் தேங்கியது. இந்த ஐப்பசிக்கு முன் கூலி வாங்காமல் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வருகிற திங்கட்கிழமை வண்டியைக் கொண்டுபோய் விடுகிறேன், மூடியை மட்டும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு.