டேங்கர் தண்ணீருக்கு 20 இஞ்ச் ஜம்போ ஃபில்டர்: எந்த வீட்டுக்கு உதவும், எந்த வீட்டுக்குத் தண்டம்

பெங்களூரில் ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபூர் ரோடு, ஹொரமாவு பக்கம் டேங்கரை நம்பியிருக்கும் வீடுகளில் மோட்டாருக்கு அருகே குண்டாக ஒரு நீல உருளை தொங்கும். அதுதான் 20 இஞ்ச் ஜம்போ ஹவுசிங், அதாவது ஃபில்டரின் வெளிக்கூடு. உள்ளே நாலரை இஞ்ச் விட்டமுள்ள பாலிப்ரோப்பிலீன் ஸ்பன் கார்ட்ரிட்ஜ் (பிளாஸ்டிக் இழையாலான வடிகட்டி உருளை) இருக்கும். பெரும்பாலும் எல்லா கம்பெனியும் ஒரே அளவில்தான் செய்கிறது. ஒன்றின் ஹவுசிங்கில் இன்னொன்றின் கார்ட்ரிட்ஜ் உட்காரும். அதனால் பிராண்டை விட்டுவிட்டு சாமானைப் பற்றியே பேசலாம். மணல், வண்டல், துரு வரும் தண்ணீருக்கு நல்ல பொருள். உப்புத் தண்ணீருக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்லை.

கடைக்குப் போகும் முன் டேங்கர் தண்ணீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து ராத்திரி முழுக்க அசைக்காமல் வையுங்கள். சில நிமிடங்களில் அடியில் தங்கினால் மணல். காலைக்குள் தெளிந்தால் வண்டல். இரண்டுக்கும் இந்த ஃபில்டர் சரி. காலையிலும் கலங்கலாகவே இருந்தால் களிமண். பிடிக்கும்போது தெளிவாக இருந்து, நேரம் ஆக ஆக பழுப்பு நிறமானால் போர்வெல் இரும்பு: கரைந்திருக்கும்வரை ஃபில்டரைத் தாண்டிப் போய், காற்றுப் பட்டபின் மேல்தொட்டியில் துருவாகப் படியும். பாட்டில் தெளிவு, கீசரில் மட்டும் வெள்ளைப் படிவு என்றால் கடினத்தன்மை. அதற்கு சாஃப்ட்னர் (கடினத்தன்மையை நீக்கும் கருவி) தான் வழி.

வாங்குவதென்று முடிவானாலும் முதல் வடிகட்டல் சம்ப்பிலேயே (தரையடித் தொட்டி) நடக்க வேண்டும், அதுவும் செலவில்லாமல். 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) மண் துகள் அசையாத தண்ணீரில் 1 மீட்டர் இறங்க ஏறக்குறைய 3 மணி நேரம் பிடிக்கும். விட்டம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் நேரம் 100 மடங்கு. ஆகவே டேங்கர் கொட்டியதும் மோட்டார் போடாதீர்கள்; 3, 4 மணி நேரம் விடுங்கள். ஃபுட்வால்வ் (மோட்டாரின் உறிஞ்சு குழாய் நுனியில் இருக்கும் வால்வு) சம்ப் தரையிலிருந்து அரை அடியாவது மேலே இருக்கட்டும். தரையை ஒட்டி இருந்தால் படிந்த கசடையே உறிஞ்சி, புது கார்ட்ரிட்ஜைச் சில நாளில் அடைத்துவிடும். "ஃபில்டர் மட்டம்" என்ற புகார்களில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

பொருத்தும் இடம் மோட்டாருக்கும் மேல்தொட்டிக்கும் நடுவே. மேல்தொட்டிக்குக் கீழே, குளியலறைக் குழாய்க்கு முன்னால் மாட்டச் சொல்லும் பிளம்பர்கள் உண்டு, ஒப்புக்கொள்ளாதீர்கள். 10 மீட்டர் உயரத்துக்குத்தான் 1 கிலோ அழுத்தம் கிடைக்கும். மேல் மாடிக்கு 2, 3 மீட்டர்தான் இருக்கும். கார்ட்ரிட்ஜ் கொஞ்சம் அடைத்தாலே ஷவர் சொட்டும். இரு பக்கமும் பால் வால்வும் ஒரு பைபாஸும் வைத்தால் கார்ட்ரிட்ஜ் மாற்றும் அன்றைக்கும் தொட்டி நிரம்பும். முன்னும் பின்னும் ஒரு பிரஷர் கேஜ் வையுங்கள். வித்தியாசம் 0.7 கிலோவைத் தாண்டினால் மாற்றும் நேரம். கேஜ் இல்லாதவர்களுக்குத் தொட்டி நிரம்ப எடுக்கும் நேரமே கணக்கு.

கடையில் பார்க்க வேண்டியவை: குழாய் மாட்டும் மரைகளில் பித்தளைச் செருகல், அழுத்தத்தை விடுவிக்கும் பொத்தான், கூடவே ஸ்பேனர். ஸ்பேனர் கழற்றத்தான், மாட்டும்போது கை இறுக்கம் போதும், மீறினால் ஹவுசிங் கிண்ணம் விரிசல் விடும். ஓ-ரிங்குக்கு (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) சிலிக்கான் கிரீஸ். வாஸ்லின் தடவினால் ஈபிடிஎம் ரப்பர் உப்பிப்போய் கசியும். கண்ணாடி போன்ற ஹவுசிங் அழுக்கைக் காட்டும் என்று வாங்கி வெயிலில் மாட்டினால் பாசி பிடிக்கும்.

கார்ட்ரிட்ஜில்தான் ஏமாற்று அதிகம். எடை குறைந்த மலிவு ஸ்பன் அழுத்தத்தில் உள்பக்கமாக நசுங்கும். நுனிகள் சரியாக அமராவிட்டால் தண்ணீர் ஓரமாகவே கடந்துவிடும். புதிது மாட்டியும் தொட்டியில் மண் வந்தால் முதலில் அதைப் பாருங்கள். சுரண்டிக் கழுவுவதும் வீண்: அழுக்கு மேல்தோலில் மட்டுமல்ல, ஆழத்திலும் சிக்கியிருக்கும். வீடு முழுவதற்கும் 20 மைக்ரான் துகள்வரை பிடிக்கும் கார்ட்ரிட்ஜ் போதும். 5 மைக்ரானை ஆர்ஓ-வுக்கு முன்னால் இருக்கும் சின்ன ஃபில்டர் பார்த்துக்கொள்ளும். 1 மைக்ரான் போட்டால் மாற்றி மாளாது.

களிமண் கலங்கலுக்கு அந்த 1 மைக்ரானைத் தேடுவதைவிட படிகாரம் மேல். களிமண் துகள்கள் எதிர்மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். படிகாரத்தின் அலுமினியம் அதைச் சமன்செய்து திரளாக்கும். (தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறம் தேய்த்த பாட்டிமாரும் களிமண்ணைத்தான் படிய வைத்தார்கள்.) 500 லிட்டர் டிரம்முக்கு 10 முதல் 15 கிராம். கரைத்து ஊற்றி, ஒரு நிமிடம் வேகமாகவும் பின்பு சில நிமிடம் மெதுவாகவும் கலக்கி, சில மணி நேரம் விட்டு, மேல் தெளிவை மட்டும் எடுங்கள். வேகமாகவே கலக்கிக்கொண்டிருந்தால் திரண்டது உடைந்துவிடும்.

கிருமியை இந்த ஃபில்டரும் படிகாரமும் நம்பத்தகுந்த அளவில் நீக்காது; குடிக்க, கொதிக்க வையுங்கள். காவேரி இணைப்பு மட்டும் உள்ள சின்ன வீட்டுக்கு ஜம்போ எதற்கு? 10 இஞ்ச் மெல்லியதே அதிகம்.