முதலில் செலவா, முதலில் காசா?

பட்டர்வொர்த்தில் எங்கள் அலுவலக அலமாரியை ஒழித்தபோது 2020 ஏப்ரல் ரசீது ஒன்று சிக்கியது. முகக்கவசம் வாங்கியது. தெர்மல் தாள் என்பதால் எழுத்தெல்லாம் மறைந்து, மஞ்சள் துண்டாகக் கிடந்தது. "அன்னைக்கே போட்டோஸ்டெட் எடுத்திருக்கணும், தம்பி" என்றார் கணக்குப் பிரிவு அக்கா. தொகை தெரியாத ரசீதுக்குக் கிளெய்ம் கிடையாதாம். சொந்தக் காசு போனது போனதுதான்.

பேரிடர் காலத்தில் அரசு எப்படிக் காசு தரவேண்டும்? செலவழித்தபின் திருப்பித் தருவதா, முன்கூட்டியே கையில் தருவதா? கோவிட் காலத்தில் அமெரிக்காவில் இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தன.

ஃபீமா என்ற பேரிடர் நிர்வாகத் துறையின் வழி, 'முதலில் நீ செலவழி, பிறகு கணக்குக் காட்டு' என்பது. தொடக்கத்தில் 75 விழுக்காட்டைத்தான் திருப்பித் தந்தார்கள். மீதி 25 மாநிலம், நகராட்சி தலையில். 2021 பிப்ரவரியில் அதை 100 ஆக்கி, 2020 ஜனவரி 20 முதலான செலவுக்கும் பொருந்தும் என்றார்கள். நல்ல செய்திதான், ஆனால் கால் பங்குக்கு வழியில்லாமல் வாங்காமலே விட்டவனுக்கு என்ன பயன்? வாங்காத பொருளுக்கு ரசீது ஏது! சம்பளத்திலும் ஒரு முடிச்சு: அவசர வேலைக்கு அனுப்பிய நிரந்தர ஊழியரின் ஓவர்டைமுக்கு உண்டு, வழக்கமான சம்பளத்துக்கு இல்லை.

இன்னொரு வழி, கொரோனா நிவாரண நிதி. 2020 மார்ச் 27 அன்று கையெழுத்தான சட்டத்தில் 150 பில்லியன் டாலர். (அதே நாளில்தான் இங்கே மலேசியாவில் 250 பில்லியன் ரிங்கிட் பிரிஹாத்தின் நிவாரணத் திட்டத்தை அறிவித்தார்கள்.) காசு முதலிலேயே கைக்கு வந்தது, காவல், சுகாதார ஊழியரின் சம்பளத்துக்கும் எடுக்கலாம், ஃபீமா கேட்ட 25 விழுக்காட்டைக்கூட இதிலிருந்தே கட்டலாம். ஆனால் ஐந்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள உள்ளாட்சிகளுக்குத்தான் நேரடிப் பணம். சின்ன ஊர்கள் மாநிலத்தின் வாயைப் பார்த்திருந்தன. அதோடு 2020 டிசம்பர் 30-க்குள் செலவழிக்கவேண்டும் என்ற கெடு. கடைசி நாட்களில்தான் ஓராண்டு நீட்டித்தார்கள். ஆண்டுக் கடைசியில் பட்ஜெட்டைத் தீர்க்க நாற்காலி வாங்குவது நமக்குப் புதிதா என்ன?

மலேசியாவில் மத்திய அரசே கோவிட் நிதி ஒன்றைத் தனியாகத் தொடங்கியது. 45 பில்லியன் ரிங்கிட் வரம்பு பின்னர் 110 பில்லியன் வரை ஏறியது.

என்னைக் கேட்டால், மருந்துக்கும் கவசத்துக்கும் முன்பணம்தான் சரி. ஏமாற்று வேலைக்கு இடமிருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கையில் காசில்லாத ஊர் கணக்குச் சுத்தமாக இருந்து என்ன செய்ய? கட்டடம், குளிர்பதனப் பெட்டி போன்ற பெரிய வாங்கலுக்கு வேண்டுமானால் ரசீது பார்த்துத் தரட்டும். அவசரமாகப் பணம் தேவைப்பட்ட 'விரைவுத் திட்டங்களுக்கு' ஃபீமாவே பாதியை முன்கூட்டிக் கொடுத்திருக்கிறது. அந்தப் பாதியை எல்லோருக்கும் கொடுத்திருக்கலாம்.

அந்த மஞ்சள் துண்டை அக்கா குப்பையில் போடவில்லை. கோப்பில் திரும்பச் செருகி, "ஆடிட் வந்தா காட்டணும்லா" என்றார்.